மூன்று விநாடிக் கத்தல்

ஹேர் டிரஸ்ஸர் லலிதா கொண்டையிலிருந்து நான்காவது ஊசியை உருவியபோது வசந்தாமணிக்குப் பிடரியில் சுருக்கென்றது. ஊசி குத்தவில்லை. இன்னும் இரண்டுதான் பாக்கி, அதையும் உருவிவிட்டால் முடி மொத்தமும் முதுகில் விழும், விழுந்தால் இடுப்பைத் தாண்டி ஒரு சாண் தொங்கும், அந்த முடியோடு தன்னை ஓடுகிற லேத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தப்போகிறார்கள் என்ற நினைப்புதான் குத்தியது. "இவ்ளோ விறைப்பா உக்காராதக்கா, கழுத்து புடிச்சுக்கும்," என்றாள் லலிதா. சென்னைக்காரி, வாயில் ஊசிகளைக் கடித்துக்கொண்டே பேசப் பழகியவள். "சொந்த முடியாக்கா? நான் சவுரின்னுல்ல நெனச்சேன். இந்த வயசுல இவ்ளோ முடி, கண்ணு படப்போவுது." கண் பட்டால் மிளகாய் சுற்றிப் போட்டுவிடலாம். லேத்தில் பட்டால் எதைச் சுற்றிப் போடுவது என்று வசந்தாமணி கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். காலை ஏழு மணியிலிருந்து கேட்டிருக்க வேண்டியதை எல்லாம் விழுங்கி விழுங்கி நெஞ்சுக்குழியில் கல்லாக உட்கார்ந்திருந்தது, அதன் மேல் படப்பிடிப்புச் சாப்பாட்டின் இரண்டு இட்லி. கணபதிப் பகுதியில் வேலை நின்றுபோன ஒரு லேத் பட்டறையை ஐந்து நாளுக்குப் பிடித்து, சுவருக்குப் புதிதாகக் கரி பூசி, பழசாக்கியிருந்தார்கள். ஏற்கெனவே பழசாக இருந்த சுவர் அது. தகரக் கூரைக்குக் கீழே தார்ப்பாய் கட்டி மறைத்த மூலையில் பிளாஸ்டிக் நாற்காலி, அதில் அவள், காக்கிச் சட்டையைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டு. தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம் யாரோ மெஷின் சூட்டைத் தணிக்கிற கூலன்ட் ஊற்றினார்கள் போல, புளித்த பாலும் எண்ணெயும் கலந்த அந்த வாடை வந்தது. வந்ததும் அவளுக்குப் பதினெட்டு வயது ஆகிவிட்டது. சனியன், இந்த மூக்குக்கு மட்டும் வயசே ஆவதில்லை.

ஐந்தாவது ஊசி. தார்ப்பாயை விலக்கிக்கொண்டு உதவி இயக்குநர் கிரீஷ் தலையை நீட்டினான். கையில் ஒரு ஜோடி வெள்ளை நூல் கையுறை. "மேடம், உங்க சேஃப்டிக்கு. காஸ்ட்யூம்ல சொல்லி ஸ்பெஷலா வாங்கச் சொன்னேன்." அவள் அதை வாங்கி மடியில் வைத்துப் பார்த்தாள். சிரிப்பு வந்தது, அடக்கினாள். லேத் ஓட்டுகிற ஆள் கையுறை போடக் கூடாது, போட்டால் நூல் சிக்கி, விரல் போய், கை போகும் என்பது டர்னர் படிக்கப் போன முதல் நாளே கரும்பலகையில் எழுதிப் போட்டது. வாட்ச் கூடாது, மோதிரம் கூடாது, முழுக்கை கூடாது, கையுறை கூடாது, அவிழ்ந்த முடி கூடாது. இவர்கள் அந்தக் கரும்பலகையைத் தேடிப் பிடித்து வரிசையாக ஒவ்வொன்றையும் எடுத்து அவள் மேல் மாட்டுகிறார்கள், சேஃப்டிக்கு என்று பெயர் வைத்து. "தம்பி, கையுறை வேண்டாமுங்க. முடியையும் கட்டிக்கறேன். பொம்பளைங்க யாரும் மெஷின் முன்னால தலையை விரிச்சுப் போட்டுட்டு நிக்க மாட்டாங்க. பாக்கறவங்க சிரிப்பாங்க." கிரீஷ் பொறுமையாகச் சிரித்தான், பைத்தியத்தைப் பார்த்துச் சிரிப்பதைப் போல. "மேடம், பையன் செத்துட்டான்னு போன் வருது. அப்பவும் நீங்க வேலைய நிறுத்தல. காத்துல முடி அப்படியே அவுந்து பறக்குது. அப்ப அந்தக் கத்தல். சார் இந்த இமேஜுக்காகத்தான் ஆறு மாசமா அலையறாரு. கொண்டை போட்டா ஃபீல் வராது." "மெஷினை ஆஃப் பண்ணிட்டு எடுக்கலாமுங்களே." "சுத்தறது தெரியணும் மேடம். ஸ்பீடு ரொம்பக் கம்மியாத்தான் வெப்போம், மாட்டு வண்டி மாதிரி." போய்விட்டான். மாட்டு வண்டியாம். இரும்பைக் கவ்விக்கொண்டு மெதுவாகச் சுற்றுகிற சக்குக்குத்தான் இழுப்பு அதிகம், அது உனக்குத் தெரியுமா தம்பி, வேகமாகச் சுற்றினால் ஒருவேளை முடி அறுந்து போகும், மெதுவாகச் சுற்றினால் அறாது, வேரோடு வரும், தோலோடு வரும், பின்னங்கழுத்திலிருந்து புருவம் வரைக்கும் ஒரே துண்டாக வரும், நான் பார்த்திருக்கிறேன். இதில் ஒரு வார்த்தைகூட வாய்க்கு வரவில்லை. பதினான்கு வருஷம் மேடையில் கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரி பேசிய வாய். வேலை கொடுக்கிறவன் முன்னால் நின்றால் மட்டும் உதட்டைத் தைத்துக்கொள்கிற வாய்.

ஆறாவது ஊசி வந்துவிட்டது. முடி விழுந்தது. லலிதா சீப்பை எடுத்தாள், நுனியிலிருந்து மேலே, மேலே, அந்த இழுப்பு மண்டைத்தோலில் ஏற ஏற வசந்தாமணி நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். ஜெசிந்தாவுக்கு இதைவிட நீளம். ஐ.டி.ஐ.யில் டர்னர் பிரிவில் நாற்பது பையன்களுக்கு நடுவே இரண்டே பெண்கள், இவளும் ஜெசிந்தாவும். பையன்கள் இவர்களுக்கு நட்டு, போல்ட்டு என்று பெயர் வைத்திருந்தார்கள். யார் நட்டு யார் போல்ட்டு என்று இரண்டு பேரும் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சண்டை போட்டது உண்டு. அன்றைக்கு ஜெசிந்தா தலைக்குக் குளித்துவிட்டு வந்தாள். ஈரத்தோடு பின்னினால் நாறும் புள்ள, ஒரு மணி நேரம் காயட்டும், மத்தியானம் முடிஞ்சுக்கறேன் என்றாள். தொப்பிக்குள் பாதியைத் திணித்து, மிச்சத்தை விட்டுவிட்டாள். பக்கத்து மெஷினில் வசந்தாமணி. நடுவில் தூண். தூணில் மெயின் ஸ்விட்ச், கையை நீட்டினால் எட்டும், எக்கிக்கூட நீட்ட வேண்டாம். ஜெசிந்தா அளவு பார்க்கக் குனிந்தாள். குனிந்தவள் இன்னும் குனிந்தாள். இப்படி யாராவது குனிவார்களா என்று தோன்றியது, ஏதோ கீழே விழுந்ததைத் தேடுகிறாள் என்று தோன்றியது, பிறகு சக்கில் கறுப்பாகச் சுற்றிக்கொண்டிருந்தது என்ன என்று தெரிந்தது. மூன்று விநாடி. அதற்குள் எங்கேயோ கடைசி மெஷினிலிருந்து சுரேஷ் என்ற பையன் ஓடிவந்து ஸ்விட்சை அடித்தான். கடைசி மெஷினிலிருந்து. அவன் ஓடிவந்த தூரத்தை வசந்தாமணி பிற்பாடு அடி அளந்து பார்த்திருக்கிறாள், இருபத்தேழு அடி. அவளுக்கும் ஸ்விட்சுக்கும் ஒன்றரை அடி. "வலிக்குதாக்கா? கண்ணுல தண்ணி வருது," என்றாள் லலிதா. "இல்ல, நீங்க சீவுங்க."

வலி எங்கே வலிக்கிறது, எரிகிறது. யார் மேல் எரிகிறது என்று பிரித்துப் பார்த்தால் முதலில் கிரீஷ், அவனுக்கு மேலே டைரக்டர் மதுசூதன், அவருக்கு மேலே யாரும் இல்லை, அதனால் திரும்பித் தன்னிடமே வருகிறது. அந்த இரண்டு வருஷப் படிப்பை முடித்தாள். முடிக்காமல் என்ன செய்வது, வீட்டில் அப்படி. பம்ப் கம்பெனியில் அப்ரண்டிஸ். மார்ச்சில் பாதுகாப்பு வாரம் வந்தது. கம்பெனிக்குக் கம்பெனி பேட்ஜ் குத்தி, உறுதிமொழி வாசித்து, தொழிலாளர்களை வைத்து ஒரு விழிப்புணர்வு நாடகம் போடுவார்கள். பொம்பளை வேஷத்துக்கு ஆள் வேண்டும், மொத்த மெஷின் ஷாப்பிலும் பொம்பளை அவள் ஒருத்திதான், தள்ளிவிட்டார்கள். லேத்துக்குப் பதில் ஒரு ஸ்டூல். மோட்டார் சத்தத்தை நாலு பேர் வாயால் போட்டார்கள். முடி சிக்குகிற இடம் வந்ததும் அவள் கத்தினாள். சும்மா கத்தச் சொன்னார்கள், அவள் கத்தியது சும்மா இல்லை. கேன்டீனில் தட்டு கழுவிக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்துவிட்டார்கள், நிஜமாகவே யாருக்கோ அடிபட்டுவிட்டது என்று. அதைப் பார்க்க வந்திருந்த நாடகக் குழுக்காரர் ஒருவர், அம்மிணி எங்க குழுவுக்கு வந்துருங்க என்றார். போனாள். பகலில் லேத், சாயங்காலம் ஒத்திகை. எத்தனையோ வேஷம் கட்டினாள், தாசி, ராணி, பிணம், நீதிபதி. ஆனால் குழுவில் எழுதுகிறவர்கள் எந்த நாடகம் எழுதினாலும் எங்கேயாவது ஓரிடத்தில் அவளுக்கு என்று ஒரு கத்தலை வைத்தார்கள். வசந்தாமணி கத்தல் என்றே அதற்குப் பெயர். கல்லூரிப் பிள்ளைகள் அதற்காகவே வந்து உட்கார்ந்தார்கள். பத்திரிகையில் அடிவயிற்றிலிருந்து எழும் ஆதித் துயரம் என்று ஒருத்தர் எழுதினார். ஆதித் துயரமாம். அது ஜெசிந்தாவின் கத்தல், அவள் தலையிலிருந்து தோல் பிரிந்தபோது வந்த சத்தம், அதை எடுத்துவந்து மேடையில் விற்கிறேன் என்று ஒவ்வொரு கைதட்டலுக்கும் உள்ளே ஒன்று சொல்லும். சொல்லட்டும், திருடினாலும் நல்ல காரியத்துக்குத்தானே என்று இன்னொன்று சமாதானம் பேசும். இப்படி ஒரு பன்னிரண்டு வருஷம் ஓடியது. பிறகு ஜெசிந்தா வந்தாள்.

மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள், முக்காடு போட்டுக்கொண்டு. நாடகம் முடிந்து மேக்கப்பைத் துடைத்துக்கொண்டிருந்தபோது உள்ளே வந்து நின்றாள். ஜெராக்ஸ் கடை வைத்திருப்பதாகச் சொன்னாள், இரண்டு பிள்ளைகள் என்றாள். "நல்லா நடிக்கற புள்ள," என்றாள். "அந்தக் கத்தல் எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டதுமே தெரிஞ்சுது." வசந்தாமணிக்குக் காலில் விழலாம் போல இருந்தது. மன்னிச்சுரு என்று ஆரம்பிக்கும்போதே ஜெசிந்தா கையமர்த்தினாள். "அதுக்கில்ல. ஒண்ணே ஒண்ணு சொல்லணும். நானு கத்தவே இல்லியே. வாயைத் தொறந்தேன், மூச்சே வரலை. கத்துனது நீதான். என்ற காதுல கடைசியாக் கேட்டது அதுதான். யாராச்சும் அவ வாயை மூடுங்களேன், ஸ்விட்சை அமுத்துங்களேன்னு நெனச்சேன்." கோபமாகச் சொல்லவில்லை. கடையில் சில்லறை இல்லை என்று சொல்வது மாதிரி சொன்னாள். ஒரு திருகாவது திருகியிருக்கலாம், கன்னத்தில் ஒன்று வைத்திருக்கலாம். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று போய்விட்டாள். அதாவது, ஒன்றரை அடி தூரத்தில் ஸ்விட்சை வைத்துக்கொண்டு வசந்தாமணி என்கிறவள் மூன்று விநாடி நின்று நடித்திருக்கிறாள். பார்க்க ஆள் இருந்தார்கள், நாற்பது பையன்கள். அதுதான் அவளுடைய முதல் மேடை. சரி, தெரிந்த பிறகாவது நிறுத்தினாளா? இரண்டு வருஷம், முப்பத்தொரு தடவை அதே கத்தல். முன்னைவிட நன்றாக வந்தது, அதுதான் கேவலம். சென்னையில் போட்டபோது மதுசூதன் பார்த்துவிட்டுப் போன் செய்தார். அந்தக் கத்தல் எனக்கு வேணும் மேடம். இவளும் துள்ளினாள். புருஷன் சண்முகசுந்தரம் அன்றைக்கே அவள் போட்டோவை வாட்ஸப்பில் ஸ்டேட்டஸ் வைத்து, கீழே வெள்ளித்திரையில் என் மனைவி என்று எழுதி, ரேஷன் கடைக்காரர் வரைக்கும் சொல்லியாகிவிட்டது. ஒரே காட்சி. நன்றாக வந்தால் இரண்டாம் பாதியில் இன்னும் மூன்று காட்சி என்று கிரீஷ் காதில் போட்டிருந்தான். நாற்பதை நெருங்குகிற ஒருத்தியை இன்னொரு தடவை யார் கூப்பிடுவார்கள்? போய் நின்றுவிடு. ஒரு டேக். முடி சிக்காமலும் போகலாம். எத்தனையோ பேருக்குச் சிக்காமல் போயிருக்கிறது. சிக்காதவர்களை யார் கணக்கெடுத்தார்கள். போய் நின்றுவிடு வசந்தாமணி.

"என்ன மேடம், ரெடியா?" மதுசூதனே வந்துவிட்டார். நல்ல மனிதர், பெண்களை உட்காரவைத்துத் தான் நின்று பேசுகிறவர், அதுதான் இன்னும் எரிச்சல். கத்துகிறவராக இருந்தால் திருப்பிக் கத்தலாம். "மெஷின் ஓடுதுன்னா முடியைக் கட்டித்தான் நிப்பேன் சார்." சொல்லிவிட்டாள். எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை, சின்னக் குரலில், ஆனால் முழுசாக வந்தது. அவர் குந்தி உட்கார்ந்து அவள் கண்ணுக்கு நேராகப் பார்த்தார். "பயமா இருக்கா?" "பயமில்ல சார். நான் டர்னர்." "தெரியும், அதனாலதானே உங்களைப் போட்டேன். நிஜமான ஆள் வேணும்னுதான்." "நிஜமான ஆள் சொல்றேன், இப்படி நிக்க மாட்டாங்க." அவர் முகத்தில் ஒன்று மூடிக்கொண்டது, கடையில் ஷட்டர் பாதி இறங்குகிற மாதிரி. எழுந்தார். "ஓகே மேடம். நோ பிராப்ளம். நீங்க ரெஸ்ட் எடுங்க." நோ பிராப்ளம் என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. தார்ப்பாய்க்கு வெளியே அவர் குரல், மெதுவாக, "கிரீஷ், அந்த கும்பல் சீன்ல ஒரு பொண்ணு நின்னாளே, நீள முடி. அம்மாவை அக்காவா மாத்திக்கலாம். தம்பி செத்துட்டான். இன்னும் நல்லா இருக்கும்." பிறகு ஓட்டம், யாரோ யாரையோ கூப்பிடுகிற சத்தம். லலிதா சீப்பை டப்பாவில் போட்டாள். "ஏன்க்கா உனக்கு இந்த வேலை? ரெண்டு நிமிஷம் நின்னிருந்தா முடிஞ்சிருக்கும்," என்று சொல்லிக்கொண்டே இன்னொரு தலையைச் சீவப் போனாள். நாற்காலியில் வசந்தாமணி மட்டும். முடிந்தது. சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பன்னிரண்டு மணி பஸ்ஸைப் பிடித்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம். மானத்தோடு மறுத்தாள் என்று குழுவில் சொன்னால் மெச்சிக்கொள்வார்கள். சண்முகசுந்தரம் ஸ்டேட்டஸை அழித்துவிடுவார். ஒன்றுமில்லாத விஷயம். அவள் முடி அவள் தலையில் பத்திரமாக இருக்கிறது. இப்போது வேறு ஒருத்தியின் முடி. பிடிக்காத பாத்திரத்தை அடுத்தவள் அடுப்புக்கு நகர்த்திவைத்த மாதிரி நகர்த்தி வைத்திருக்கிறாய், இதற்குப் பெயர் மறுப்பா? அங்கே மோட்டாரைப் போட்டார்கள். முதலில் ஒரு உறுமல், பிறகு சீரான ஓட்டம். அடி ஆத்தா, அதே சத்தம்.

அவள் எழுந்தாள். முடியை ஒரு கையால் கயிறு போல முறுக்கிக் காக்கிச் சட்டைக் காலருக்குள் திணித்து மேல் பட்டனைப் போட்டாள். லைட்டுகளுக்கு நடுவில் அந்தப் பெண் நின்றிருந்தாள். மோனிஷா என்று பெயர், நேற்றுச் சாப்பாட்டு வரிசையில் வசந்தாமணியின் தட்டில் தன் அப்பளத்தையும் வைத்துவிட்டுப் போன பெண், இருபது இருக்கும். விரித்த முடி, கையில் வெள்ளைக் கையுறை. முகத்தில் அப்படி ஒரு மகிழ்ச்சி, துக்கச் சீனுக்காக அதை மறைக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தாள். "ரிகர்சல் பாத்துக்கலாம்," என்று கிரீஷ் கத்தினான். வசந்தாமணி லைட்டுக்குள் நடந்துபோனாள். மெஷினுக்குப் பக்கத்தில் நின்ற பட்டறை ஆபரேட்டரைப் பார்த்து, "அண்ணா, ஆஃப் பண்ணுங்க," என்றாள். யார் சொல்வார்கள் என்று காத்திருந்தவர் மாதிரி அவர் உடனே ஆஃப் பண்ணினார். "மேடம், என்ன பண்றீங்க?" என்று கிரீஷ். மோனிஷா அவள் கையைப் பிடித்தாள், தள்ளுவதற்காகப் பிடித்தாள். "அக்கா, ப்ளீஸ்க்கா. மூணு வருஷமா கூட்டத்துல நிக்கறேன். இன்னைக்குத்தான் ஒரு க்ளோசப். உங்களுக்கு வேண்டாம்னா போங்க, எனக்கு ஏன் கெடுக்கறீங்க?" அடிபட்ட பூனை மாதிரி சீறினாள். சீறட்டும். "ஒரு நிமிஷம் நான் சொல்றதைக் கேளு. கேட்டுட்டு என்னை அடி," என்றாள் வசந்தாமணி.

சொன்னாள். ஜெசிந்தா தலைக்குக் குளித்துவிட்டு வந்ததைச் சொன்னாள், அவள் குனிந்ததை, இன்னும் குனிந்ததை. தோல் எப்படி வந்தது என்று சொன்னாள், சக்கிலிருந்து அதை எடுத்து ஈரத் துணியில் சுற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பையன் வழியெல்லாம் வாந்தி எடுத்ததை. "அவ கத்தலை. நான் கத்துனேன். ஸ்விட்சு இங்க இருந்துச்சு, இதோ இந்தத் தூரம். நான் கத்திட்டு நின்னேன். அதை வெச்சுத்தான் நடிகையானேன். அதுக்குத்தான் இவங்க என்னைக் கூப்பிட்டாங்க." குரல் ஏறவில்லை, உடையவில்லை. பேசிக்கொண்டே அந்தப் பெண்ணின் கையுறைகளை உருவிக் கீழே போட்டாள். முடியைச் சேர்த்துப் பிடித்தாள். மோனிஷா அழ ஆரம்பித்திருந்தாள், கோபமும் பயமும் கலந்து, ஆனால் தலையை இழுத்துக்கொள்ளவில்லை. வசந்தாமணி முடியை மூன்றாகப் பிரித்தாள். அப்போதுதான் உறைத்தது, யாரும் தடுக்கவில்லை. கிரீஷ் கத்தவில்லை. மூன்று நாளாக அவள் பார்த்த இந்த இடத்தில் ஒரு நொடிகூட வாய்கள் மூடியதில்லை, டீ கிளாஸ் சத்தம், வாக்கி டாக்கி, ஜெனரேட்டர்காரனின் பாட்டு. எல்லாம் அடங்குவது ஒரே ஒரு சமயத்தில்தான். கேமரா ஓடும்போது. எப்போதிருந்து ஓடுகிறது? ஜெசிந்தா குனிந்தபோதா, தோல் வந்தபோதா? முதுகுக்குப் பின்னால் மதுசூதனின் குரல் வந்தது, கோயிலுக்குள் பேசுகிற மாதிரி. "மேடம்... பிரமாதம் மேடம். கட் பண்ணல. அப்படியே மெதுவா இந்தப் பக்கம் திரும்புங்க. அந்த முகம் வேணும். அது போதும், மெஷினே வேண்டாம். திரும்புங்க மேடம்." மெஷினே வேண்டாமாம். அவள் கேட்டது கிடைத்துவிட்டது, இனி முகத்தைக் கொடுத்தால் போதும். மூன்று காட்சி. கொடுத்துவிடலாம், கொடுக்க அது அவளுடையதாக இருந்தால். நாடகத்தில் சேர்ந்த முதல் மாதத்தில் அவளுக்கு உதைக்காத குறையாகச் சொல்லிப் பழக்கியது, என்ன ஆனாலும் ஜனங்களுக்கு முதுகைக் காட்டாதே, செத்து விழுந்தாலும் முகம் அந்தப் பக்கம் தெரியும்படி விழு என்று. பதினான்கு வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் தவறியதில்லை. "மேடம், கேமரா ஓடிட்டிருக்கு, ப்ளீஸ்," என்றது குரல், கெஞ்சலாக, பிறகு கெஞ்சல் இல்லாமல், "ஏம்மா, உன்னைத்தான்." கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது, பழகிய கழுத்து. அவள் அதைப் பல்லைக் கடித்து நிறுத்தினாள். காக்கிச் சட்டையின் முதுகை அவர்கள் எல்லோருக்கும் அகலமாகக் காட்டிக்கொண்டு, மோனிஷாவின் பின்னலை நுனி வரைக்கும், ஒரு பிரி விடாமல், நிதானமாகப் பின்னினாள்.